கலந்து நின்ற ஒன்று

பிறை பேக்டரியில் ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்தது.
வீட்டுக்குப் போகவில்லை. மோட்டாரை வடக்கே விட்டேன்.
பின்னால் நோர்ஹாயாதி, மடியில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக்,
"பறவைக்கு இல்லை, பசிக்குத்தான் வருகிறேன்" என்றபடி.

தெலுக் ஆயிர் தாவாரில் கடல்
வெகுதூரம் இறங்கிப் போயிருந்தது.
சேறு, அதன்மேல் வெயில், அதன்மேல் அவை:
பட்டைவால் மூக்கன்கள், இருநூற்றுக்கு மேல்.
எல்லாம் ஒரே சாம்பல். எல்லாம் ஒரே மூக்கு.
நவம்பரில் யாரும் கல்யாண உடுப்பில் இருப்பதில்லை.

இவற்றுக்குள் வேறொன்று கலந்து நிற்கும் என்று
போன வாரம் வந்துபோன ஊய் செங் லியோங் சொல்லியிருந்தான்.
ஆசிய டௌவிச்சர்.
சற்றே குள்ளம். மூக்கு நேர், மேல்நோக்கி வளையாது.
ரோஜா நிறமில்லை, அடிவரை கறுப்பு.
நுனி மட்டும் லேசாகப் பொங்கியிருக்கும்.

பொங்கிய நுனி!
அதைத்தானே இரவெல்லாம் தேடிவிட்டு வருகிறேன்.
மைக்ராஸ்கோப்பின் அடியில் சில்லு வரும்,
பூரான்போல இருபுறமும் கால் நீட்டி.
கால் வளைந்திருந்தால் ரிஜெக்ட்.
நுனியில் ஈயம் பொங்கியிருந்தால் ரிஜெக்ட்.
ஒன்றுக்கு நான்கு விநாடி.
பதினோரு வருடத்தில் கண் இதற்கென்றே ஆகிவிட்டது:
கல்யாண வீட்டுப் பந்தியிலும்
யாருடைய பல் கோணல் என்றுதான் முதலில் பார்க்கும்.

ஆனால் சில்லு அசையாது.
இவை நடந்தன, திரும்பின, மூக்கைக் கண்வரை புதைத்தன.
நான் பார்க்கவேண்டிய நுனி
எப்போதும் சேற்றுக்குள்.
வெளியே வரும்போது, சேறு பூசிய எல்லா நுனியும் பொங்கியதுதான்.

மூன்று முறை "இதோ" என்றேன்.
மூன்று முறையும் மூக்கன்.
நோர்ஹாயாதி நெத்திலியை எண்ணி எண்ணித் தின்றாள்.
தொலைநோக்கி வேண்டாம் என்றுவிட்டாள்.
பிறகு விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்:
"அங்கே ஒன்று எங்கம்மா மெஷின் மாதிரித் தைக்கிறதே, அது ஏன்?"

எது?

"இடது பக்கம். மற்றதெல்லாம் குத்திவிட்டு நகர்கிறது.
அது நின்ற இடத்திலேயே, டக் டக் டக் டக்,
ஹரி ராயாவுக்கு முந்தின நாள் ஆர்டர் மாதிரி."

பார்த்தேன்.
தோளிலிருந்து இறங்கியது மூக்கு, செங்குத்தாய்.
உடம்பு முழுவதும் ஊசிக்குப் பின்னால் போனது.
ஒரு தையல், இன்னொரு தையல், இன்னொன்று.
நேரான கறுப்பு. குள்ளம்.
ஒருமுறை தலை தூக்கியது;
தண்ணீர் கழுவிய நுனியில் அந்தப் புடைப்பு.

அதற்குள்தான் நரம்பெல்லாம் இருக்கிறதாம்.
இருட்டில் புழு நெளிவது அதில் கேட்குமாம்.
கேட்கும் என்பதா, தொடும் என்பதா,
அதற்குச் சொல் என்னிடம் இல்லை.
நான் தள்ளிவைத்த லட்சம் நுனிகளில் ஒன்றாவது
எதையோ தடவிப் பார்க்கத்தான் புடைத்திருந்ததோ
என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.
தூக்கம் இல்லாத கண்ணுக்கு அப்படித்தான் வரும்.

நோட்டில் எழுதினேன்: ஒன்று.
தமிழ்ப் பெயர் எனக்குத் தெரியவில்லை.
என் பெயரிலேயே ஒரு பறவை உண்டு, கோகிலவாணி;
பேட்ஜில் இடம் போதாமல் கோகி ஆனது.
குயிலாவது கூவித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.
இது காலை முழுவதும் வாய் திறக்கவில்லை.
பக்கத்தில் தையல்மூக்கி என்று போட்டேன்,
பார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை.
"எனக்கெதற்கு?" என்றாள்.
வாங்கி, எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினாள்.

ஏப்ரலில் அது செங்கல் சிவப்பாகுமாம்.
அப்போது யாரும் சொல்லிவிடலாம்.
சொல்வதற்குள் மங்கோலியப் பக்கம் கிளம்பிவிடும்.

தண்ணீர் ஏறி வந்தது.
தைத்த இடம், குத்திய இடம், எல்லாம் மூடியது.
இருநூறும் அதுவும் ஒன்றாய் எழுந்தன.
காற்றில் எது எதுவென்று
எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அன்றிரவு ஒரு சில்லு, நுனி பொங்கி வந்தது.
ஐந்து விநாடி எடுத்தேன்.
பிறகு ரிஜெக்ட்தான்.